ஆறே காலுக்கு வந்து ஆறு மணிக்குப் போனவன்

போன வாரம் எங்கள் கம்பெனியின் திண்டிவனம் அலுவலகத்தைச் சும்மா எட்டிப் பார்த்தேன். வேலையில் இருந்தபோது கிடைத்ததைவிட இப்போதுதான் அங்கே எனக்கு மரியாதை அதிகம். கேட்காமலே டீ வருகிறது. புதிதாக வந்திருக்கும் ஓர் ஆப்பைக் காட்டினார்கள். ஒரு வீட்டு வைஃபையில் என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் படம் போட்டு, பெயர் போட்டுச் சொல்கிறது. இது டிவி, இது ஃபோன், இது வாசல் கேமரா.

“நீங்க இருக்கசொல்ல இதெல்லாம் எப்பிடி சார் கண்டுபுடிச்சீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“பயந்துதான்” என்றேன்.

சிரித்தார்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை. அப்படியானால் அதையே ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதிவிட்டேன்.

கேபிள் டிவிக்கு மாடி மாடியாக ஏறி ஒயர் இழுத்தவன் நான். ஒயர் போய்க் கண்ணாடி இழை வந்தது. டிவி போய் இன்டர்நெட் வந்தது. ஏணி மட்டும் அதே ஏணி. கம்பெனி விழுப்புரத்தில் பதினைந்து நாள் பயிற்சி கொடுத்தது. பத்து நாள் ஏணியில் எப்படி ஏறுவது, ஐந்து நாள் வாடிக்கையாளரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது. இரண்டும் எனக்கு முன்பே தெரியும். கடைசியில் ஐம்பத்திரண்டு வயதில் என் முழங்கால் ராஜினாமா கொடுத்தது. நான் கையெழுத்து மட்டும் போட்டேன். இடையில் கழிந்த வருஷங்களில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டதெல்லாம் கற்பகம் மேடத்திடம்தான்.

மேடம் எங்கள் பகுதிக்கு இன்ஜினியராக வந்தவர்; என்னைவிட எட்டு வயது சின்னவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நாம் உளறி முடிக்கும்வரை பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருப்பார். மூடி நின்றால் நம் உளறல் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவர் பேச்சில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது: திருடன்.

“வாடிக்கையாளர் வீட்ல நின்னுகினு ‘யாரோ திருடறான்’னு சொல்லக் கூடாது பலராமன். ‘தெரியாதது ஒண்ணு இருக்கு’ன்னு சொல்லுங்க. அது உண்மை. மத்தது உங்க கற்பனை.”

‘என் வைஃபையில் யாரோ இருக்கிறார்கள்’ என்று புகார் வந்தால் செய்யவேண்டியதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். மோடத்தில் ஒட்டியிருக்கும் கருவிகளின் பட்டியலை முதலில் திறக்கக் கூடாது. கட்டம் போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து, வைஃபை குடிக்கும் பொருள் எல்லாவற்றையும் எண்ணி எழுத வேண்டும். பட்டியல் அப்புறம்தான். அதை முதலில் பார்த்துவிட்டால் அதில் இருப்பதெல்லாம் சந்தேகமாகத் தெரியும் என்பார்.

பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஒரு முகவரி இருக்கும். முதல் பாதி எழுத்தைப் பார்த்தாலே எந்தக் கம்பெனி செய்தது என்று தெரியும். அதை நோட்டில் எழுதி, பக்கத்தில் மூன்று கட்டம் போட வேண்டும். என்ன பொருள்? யாருடையது என்று சொன்னார்கள்? கண்ணால் பார்த்தாயா? பிறகு ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். ஒன்றை அணைத்தால் இரண்டு நிமிஷம் காத்திருந்து, பட்டியலில் எது மறைகிறது என்று பார்க்க வேண்டும். மறைந்தால்தான் மூன்றாவது கட்டத்தில் டிக்.

“அவங்க சொன்னாங்க மேடம், அது டிவின்னு” என்பேன்.

“சொன்னாங்களா, பாத்தீங்களா?”

அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எத்தனையோ முறை பாதி வழி வந்தவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

இந்த முறையைக் கற்ற ஜோரில் முதலில் விழுப்புரத்தில் என் வீட்டிலேயே சோதனை போட்டேன். எண்ணியது நாலு, பட்டியலில் ஐந்து. ஐந்தாவதுக்குப் பெயர் இல்லை, கம்பெனியும் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவனுக்குத் தன் வீடு என்றதும் தைரியம் காணாமல் போனது. அவன் தெருவில் எங்கோதான் உட்கார்ந்திருக்கிறான், பிடித்துவிடலாம் என்று ஒரு கையில் ஃபோன், மறு கையில் என்ன நினைத்தோ ஒரு திருப்புளியோடு கிளம்பினேன். என் மனைவி செல்வி வீட்டில் அவள் ஃபோனில் பட்டியலைப் பார்த்துக்கொண்டு எனக்கு நேரடி வர்ணனை கொடுத்தாள்.

தெருமுனை திரும்பினேன். “போயிட்டாங்க!” என்றாள். பயந்து ஓடிவிட்டான் என்று மார் நிமிர்த்தித் திரும்பினேன். வாசலை மிதித்தேன். “வந்துட்டாங்க!” மறுபடி ஓடினேன். போயிட்டாங்க. மறுபடி வந்தேன். வந்துட்டாங்க. நம்மைக் கண்காணிக்கிறான், பெரிய கும்பல் என்று முடிவு கட்டினேன்.

செல்வி ஃபோனைக் கீழே வைத்தாள். “இன்னாங்க, நீங்க போனா அவன் போறான், நீங்க வந்தா அவன் வர்றான். அவன் யாரு, உங்க சக்களத்தனா? உங்க கையில இருக்கிற ஃபோனைக் கொஞ்சம் அணைங்க.”

அணைத்தேன். அவன் போய்விட்டான்.

புது ஃபோன்கள் தங்கள் உண்மையான முகவரியைச் சொல்லாமல் முகமூடி போட்டுக்கொண்டு வருகின்றன என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். எண்ணும்போது என் ஃபோனை எண்ணவில்லை என்பதையும்தான். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் செல்வி இதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் என் பெயரைக் காப்பாற்றிய வழக்கு, அதற்கு முன் என் மானத்தை வாங்கிய வழக்கு, இரண்டும் ஒன்றுதான். அது திண்டிவனத்தில் மயிலம் சாலையில் நடந்தது.

ஏழுமலை என்பவர் வீடு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. மனைவி அஞ்சலை. மகனுக்கு வெளிநாட்டில் வேலை. மருமகள் சுமதி, மூன்று வயதுப் பெண் குழந்தையோடு மாமனார் வீட்டில் இருந்தபடி வேலை பார்த்தாள். வெளிநாட்டு மருத்துவமனை நோயாளிகளின் குறிப்புகளைச் சரிபார்க்கும் வேலை. அவள் கம்பெனி அந்த மாதம் புது விதி ஒன்று போட்டது: வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் வீட்டு வைஃபையில் உள்ள ஒவ்வொரு கருவியும் என்ன, யாருடையது என்று எழுதித் தர வேண்டும். எழுதினாள். ஒன்று மிச்சம் விழுந்தது. யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அது என்னவென்று சொல்லாவிட்டால் அவள் வேலைக் கணக்கைப் பூட்டிவிடுவோம் என்று கடிதம் வந்துவிட்டது.

நான் போனது வெள்ளிக்கிழமை.

“பாஸ்வேர்டை மாத்திட்டா எல்லாம் ஓடிடும்மா” என்றேன்.

“அது ஓடிடும் அண்ணா. ஆனா இத்தினி நாளா இருந்தது இன்னான்னு கேக்கறாங்களே. நோயாளிங்க விஷயம் வெளிய போச்சான்னு அவங்களுக்குத் தெரியணும். இந்த வேலை போனா அடுத்தது சென்னையிலதான். பாப்பாவ விட்டுட்டு நான் எப்பிடிப் போறது?”

உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த ஏழுமலை திரும்பாமலே சொன்னார்: “ரூம்ல உக்காந்துகினு டொக்கு டொக்குன்னு தட்றது ஒரு வேலையாம்மா? போனா போவுது.”

“நீ சும்மா கெட” என்றார் அஞ்சலை. “நீ மட்டும் வரப்புல உக்காந்துகினு பீடி புடிக்கிறது வேலையா?”

முறைப்படி ஆரம்பித்தேன். எண்ணினேன். அணைத்தேன். காத்திருந்தேன். எல்லாம் டிக் ஆனது, அந்த ஒன்றைத் தவிர. அதன் முகவரியில் இருந்த கம்பெனி, பல்பிலிருந்து பொம்மைவரை எல்லாவற்றுக்கும் சில்லு செய்து போடுகிற கம்பெனி. அதைத் தெரிந்துகொண்டு ஒரு பயனும் இல்லை. கடைசியாக மெயின் சுவிட்சையே இறக்கினேன். மோடத்துக்கு மட்டும் தனி பேட்டரி இருந்ததால் அது ஓடிக்கொண்டிருந்தது. வீடே ஓய்ந்துவிட்டது. அந்த ஒன்று மட்டும் பட்டியலில் அசையாமல் நின்றது.

வீட்டில் கரண்ட் இல்லாமலும் ஓடுகிறது என்றால் அது வீட்டுக்கு வெளியே இருக்கிறது. சிக்னலும் குறைவு; சுவருக்கு அப்பாலிருந்து வருவது மாதிரி. மோடம் குறித்து வைத்திருந்த நேரத்தைப் பார்த்தேன். தினமும் காலை ஆறே கால் வாக்கில் வருகிறது. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் போகிறது. ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை. நான் அவ்வளவு ஒழுங்காக எந்த வேலைக்கும் போனதில்லை.

“பக்கத்து வீட்ல யாரும்மா?”

“கோவிந்தன் மாமா. மயிலத்துல ஒரு காலேஜ்ல நைட் வாட்ச்மேன்.”

“எப்ப போவாரு?”

“ஆறு மணி பஸ்ஸுக்கு. காலையில வந்துடுவாரு.”

என் காதுக்குள் மேளம் கொட்டியது. அன்று சாயங்காலம் வாசலில் நின்று பார்த்தேன். கோவிந்தன் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார், பஸ் வந்தது, ஏறினார். பஸ் கிளம்பிய ஒன்றிரண்டு நிமிஷத்தில் அந்த ஒன்று பட்டியலிலிருந்து மறைந்தது. எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது. காலையில் அவர் வீடு வந்துசேர ஆறரைக்கு மேல் ஆகும் என்று சுமதி சொன்னாள். கருவி ஆறே காலுக்கே வந்துவிடுகிறதே என்று அறிவு கேட்டது. பஸ் ஜல்தியா வந்திருக்கும் என்று அதன் வாயை அடைத்தேன்.

சனிக்கிழமை காலை அவர் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, இவங்க வீட்டு வைஃபையில நீங்கதான இருக்கீங்க? அடுத்தவங்க வைஃபைய திருடறது குத்தம்ணே. பாவம், இந்தப் பொண்ணு வேல போவப் போவுது.”

மாடிக்கும் தரைக்கும் கத்திப் பழகிய தொண்டை என்னுடையது. பால் ஊற்றும் அம்மா நின்றுவிட்டார். எதிரே இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார். பஸ்ஸுக்கு நின்ற நாலு பேரும் திரும்பினார்கள்.

கோவிந்தன் கேரியரை மதில்மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். பட்டன் ஃபோன். பின்மூடி விழாமல் ரப்பர் பேண்டு சுற்றியிருந்தது.

“இதுல வருமா சார் அது? வந்தா எனக்கும் காட்டுங்க.”

அவர் மனைவி கையில் கரண்டியோடு வெளியே வந்தார். “எம் புருஷன் ராப்பூரா முழிச்சிகினு காலேஜுக்குக் காவ காக்குறாரு. அவரைப் போயி திருடன்றியா? நீ இன்னா ஆபீசரு? வீட்ல வேற ஃபோனு கெடக்குதா, வந்து தேடு, வா!”

தேடவில்லை. ஏழுமலை வீட்டு மாடிப்படியில் போய் ஒளிந்துகொண்டு மேடத்துக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மறுபக்கம் பேனா மூடி திருகுகிற சத்தம். அப்புறம் அதுவும் நின்றது.

“அவர் ஃபோனை முன்னாடியே பாத்தீங்களா?”

“இல்ல மேடம்.”

“நீங்க சொன்னதை எத்தினி பேர் கேட்டாங்க?”

“பால்காரம்மா, இஸ்திரி போடறவரு, பஸ்ஸுக்கு நின்னவங்க நாலு பேரு.”

“அத்தினி பேருக்கும் பதில் சொல்லணும். அது அப்புறம். இப்ப நோட்டை எடுங்க. அது வர்ற நேரத்துலயும் போற நேரத்துலயும் அந்த வீட்ல, அந்தத் தெருவுல வேற இன்னா நடக்குதுன்னு எழுதுங்க. ஆளுங்கள எழுதாதீங்க.”

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

எழுதினேன். காலை ஆறே கால்: தெருவிளக்கு அணைகிறது. சாயங்காலம் ஆறு: தெருவிளக்கு எரிகிறது. உடனே தெருவிளக்குக் கம்பத்தைச் சந்தேகப்பட்டு அதன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இஸ்திரிக்காரர், “சார், இப்ப கம்பத்தைப் புடிச்சிட்டீங்களா? அது மயிலம் பஸ் ஏறாது சார்” என்றார். பேஜாராகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து முதல் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் மழை. ஆறு மணிக்கு ஏழுமலை வீட்டு வாசலில் குடையோடு நின்றேன். ஆறே கால் ஆயிற்று. பட்டியலில் ஒன்றும் வரவில்லை. ஆறரை. வரவில்லை. எனக்குப் புதுப் பயம் பிடித்தது: நேற்று நான் கத்தியதைக் கேட்டு, எதுவோ அது, ஊரைவிட்டே போய்விட்டதா? அப்புறம் நாளைக்குச் சுமதி என்னத்தை எழுதிக் கொடுப்பாள்? சுமதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அஞ்சலை கூடத்தில் கொட்டிய மல்லாட்டையைக் காலால் பரப்பிக்கொண்டே தனக்குத்தானே புலம்பினார். “நேத்துதான் மாடியில கொட்டுனேன், இந்த மழை ராத்திரியே அள்ளிக்கினு வர வெச்சிட்டுது. மணி ஆறரை ஆவுது, சூரியன் இன்னும் வந்தபாடில்ல. இத எப்ப நான் காய வைக்கிறது?”

சூரியன் வரவில்லை. அதுவும் வரவில்லை.

“அம்மா, இப்ப இன்னா சொன்னீங்க?”

“மல்லாட்டை காயலன்னு சொன்னேன் தம்பி. அதுக்கும் எம்மேல கேஸா?”

ஃபோனைச் சுமதி கையில் கொடுத்துவிட்டு மாடிப்படியில் இரண்டு இரண்டாக ஏறினேன். முழங்கால் அன்று வாயே திறக்கவில்லை. மொட்டைமாடியில் வரிசையாகச் சோலார் தகடுகள், மழையில் குளித்து நின்றன. படிக்கட்டுச் சுவரில் அவற்றின் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டி. மூன்று நாளாக நான் டீ குடித்துவிட்டு டம்ளரை வைத்தது அந்தப் பெட்டியின் தலைமேல்தான். அதன் அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வைஃபை குச்சி, ஒரு சின்ன விளக்கோடு தொங்கியது. விளக்கு எரியவில்லை.

மழை விட்டு, கிழக்கே கொஞ்சம் வெளுத்தது. ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது குச்சியில் விளக்கு மினுக்கியது. கீழேயிருந்து சுமதி கத்தினாள்: “அண்ணா, வந்துடுச்சி!”

அந்தப் பெட்டிக்குச் சோறு போடுவது வீட்டு மெயின் இல்லை, வெயில். அதனால்தான் மெயினை இறக்கினாலும் அசையவில்லை. அந்தி சாய்ந்தால் படுத்துக்கொள்ளும்.

ஆனால் மூன்றாவது கட்டம் இருக்கிறதே. கீழே இருந்த ஏழுமலையை மாடிக்குக் கூப்பிட்டு, தகடுகளிலிருந்து வரும் சுவிட்சை அவர் கையாலேயே இறக்கச் சொன்னேன். இரண்டு நிமிஷம் நின்றோம்.

“போயிடுச்சி!” என்றாள் சுமதி.

ஏற்றச் சொன்னேன். சில நிமிஷம் கழித்து, “வந்துடுச்சி!” அடுத்து ஒரு முறை. போயிடுச்சி. வந்துடுச்சி. சுமதி அத்தனையையும் தன் ஃபோனில் வீடியோ எடுத்தாள்.

“பெரியவரே, இதுக்கு வைஃபை பாஸ்வேர்டு யார் குடுத்தது?”

ஏழுமலை தலையைச் சொறிந்தார். “தகடு மாட்ட வந்தவன் கேட்டான், குடுத்தேன். கரண்டுக்குத்தான கேக்கறான்னு நெனச்சேன். இது கம்ப்யூட்டர்ல போய் உக்காரும்னு எனக்கு இன்னா தெரியும்?”

“வாயத் தொறந்து சொல்லியிருந்தா அந்தப் புள்ள மூணு நாளா சாப்பாடு எறங்காம கெடந்திருக்குமா?” என்றார் பின்னாலேயே ஏறி வந்த அஞ்சலை. ஏழுமலை தோள் துண்டால் தகடுகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்தக் குச்சியைச் சுமதியின் கம்ப்யூட்டர் பக்கமே வராதபடி தனி வைஃபைக்கு மாற்றினேன். படிவத்தில் எழுதினாள்: மாடியில் உள்ள சூரிய மின்பெட்டி, உரிமையாளர் மாமனார், அணைத்துச் சரிபார்க்கப்பட்டது. வீடியோவையும் சேர்த்து அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்குக் கோவிந்தன் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிடுங்கண்ணே, அது மாடியில இருக்கிற சோலார் பெட்டி” என்றேன்.

“எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? அதோ அங்க நின்னு சொல்லுங்க. நேத்து கத்துனீங்களே, அதே சத்தத்துல.”

போய் நின்றேன். “கோவிந்தன் அண்ணன் யார் வைஃபையும் எடுக்கல! தப்பா சொன்னவன் நான்தான்! என் பேரு பலராமன்!” என்று கத்தினேன். இஸ்திரிக்காரர் கைதட்டினார். கரண்டியோடு வந்த அம்மா, “இன்னும் கொஞ்சம் பலமா சொல்லச் சொல்லு” என்றார். சொன்னேன். நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, “இன்னா சார், எலெக்‌ஷனா?” என்றார்.

கோவிந்தன் சிரித்துக்கொண்டே ஏறினார். படியில் நின்று திரும்பி, “பால்காரம்மா சாயங்காலத்துல வராது சார். காலையில வந்து அதுக்கும் ஒருதரம் சொல்லிடுங்க” என்றார்.

அதனால்தான் திங்கட்கிழமை காலையிலும் நான் மயிலம் சாலையில் இருந்தேன். பால்காரம்மாவுக்குச் சொல்லியாயிற்று. அவர் பாலை ஊற்றிக்கொண்டே, “எனக்கு அப்பவே தெரியும், அந்த மனுசன் பால்லகூட தண்ணி கேக்க மாட்டாரு” என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து மணி ஆயிற்று. உள்ளே போய்க் கேட்கப் பயம். கம்பெனி ஒத்துக்கொண்டதா, பூட்டிவிட்டதா? பத்தே காலுக்கு என் பயத்துக்கே அலுத்துப்போய் உள்ளே நுழைந்தேன்.

அஞ்சலை வாயில் விரல் வைத்து, “உஸ்” என்றார். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. ஏழுமலை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். டிவியில் படம் மட்டும் ஓடியது, சத்தத்தை அவரே முழுக்க அணைத்து வைத்திருந்தார். “சத்தம் போடாத தம்பி” என்று என்னிடம் கிசுகிசுத்தார். “புள்ள வேலையில இருக்குது.”

அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. டொக்கு டொக்கென்று தட்டுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். சுமதி காதில் ஹெட்ஃபோனோடு திரையிலிருந்து கண் எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கதவோரம் நிழல் ஆடியதைப் பார்த்திருப்பாள். திரும்பாமலே இடது கையை மட்டும் தூக்கி, அப்புறம் வாங்க, போங்க போங்க என்று ஆட்டினாள். எத்தனையோ வீட்டு வாசலில் என்னைத் துரத்தியிருக்கிறார்கள். அவ்வளவு அழகாக யாரும் துரத்தியதில்லை.